உன் தொட்டியும் என் தொட்டியும்

அக்கா,

இன்று காலை வினிகர் பாட்டிலைத் திறந்தேன். மூடி கழன்றதுமே புளித்த காட்டம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. நான் வினிகரை அளக்கும் போதெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே, "என்னலே, இன்னைக்கு ஊறுகாயா?" என்று கேட்பாய். நான் முகத்தைச் சுளிப்பேன். இன்று யாரும் கேட்கவில்லை. அளவுக் குழாயைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. உன் தம்பி பெண்டாட்டி செல்விதான் வந்து பாட்டிலை வாங்கி மூடினாள். "வாடை வீடெல்லாம் பரவுது" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் உன் நினைவுதான் வந்திருக்கும்.

ஊரில் யாரிடமாவது நம் சண்டையைச் சொன்னால் சிரிப்பார்கள். சொத்துக்காக அடித்துக்கொண்ட அக்கா தம்பியைப் பார்த்திருப்பார்கள். மீன் தொட்டித் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்காக வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் நாம் மட்டும்தான்.

முதலில் தொட்டி வைத்தது நான். கீழே ஹார்டுவேர் கடை, குடோன், மேலே வீடு. மாடிக் கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டி இரும்பு ஸ்டாண்டு அடித்து, கண்ணாடித் தொட்டியை ஏற்றி, கடல் தண்ணீர் நிரப்பி, சென்னையில் பண்ணைக்காரர் ஒருவரிடம் ரசீதோடு வாங்கிய பவளத் துண்டுகளைப் பாறையில் ஒட்டினேன். அப்போது நீ ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் உப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாய். பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் தொட்டி முன் நின்று, "நடந்து போற தூரத்துல கடல் கெடக்கு. அதுல ஒரு துண்ட வெட்டி வீட்டுக்குள்ள எதுக்குலே வச்சிருக்க?" என்றாய்.

பிறகு உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வேலையை விட்டு நம் வீட்டுக்கே வந்தாய். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்; மற்ற நாள்களில் கூடத்து நாற்காலி. கல்யாணம் வேண்டாம் என்று தனியாகவே இருந்தவள் நீ, யாரும் பார்த்துப் பார்த்துச் செய்வது உனக்குப் பிடிக்காது. செல்வி தண்ணீர் டம்ளரை நீட்டினால்கூட "நானே எடுத்துக்கிடுதேன்" என்பாய். ஒருநாள் யாரோ விற்ற பழைய தொட்டி ஒன்று லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. கிழக்குச் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னாய். என் தொட்டிக்கு நேர் எதிரே.

"என்னோட முறையிலயே வச்சிரலாம். பம்பு, மருந்து எல்லாம் நான் வாங்கித் தாரேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி வச்சா எது சரின்னு எப்படிலே தெரியும்?"

அங்கே தொடங்கியது.

பவளம் வாழும் தண்ணீரில் சத்து குறைவாக இருக்க வேண்டும். மீனுக்குப் போடும் தீனி, மீனின் கழிவு எல்லாம் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் தங்கும். பெருங்கடலில் அது கரைந்து காணாமல் போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? தங்கத் தங்கப் பாசி படரும், பவளம் மூச்சுத் திணறும். ஆகவே அந்தச் சத்தை எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டும். இவ்வளவு வரை நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

என் வழி வினிகர். சின்ன பம்பு ஒன்று நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஸ்கிம்மர் என்கிற கருவி தண்ணீரில் காற்றுக் குமிழ் அடித்து, அந்த பாக்டீரியாவை நுரையோடு மேலே தள்ளி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். கிண்ணத்தைக் கழுவும்போது கருவாட்டுக் கடையின் பின்பக்கம் போல நாறும். ஆனால் தொட்டித் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்திருக்கும். பவளங்கள் ஊதாவும் இளம்பச்சையுமாக மின்னும்.

உன் வழி பாசி. பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி, அதில் நூல்கண்டு சிக்கியது போன்ற ஒரு பச்சைப் பாசி. மேலே விளக்கு அணைந்ததும் கீழே விளக்கு எரியும். பாசி சத்தை உறிஞ்சி வளரும். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி பிடுங்கி எறிவாய். அவ்வளவுதான். மெதுவான வழி. கண்ணாடியில் எப்போதும் லேசாகப் பச்சைப் படலம் இருக்கும். உன் பவளங்கள் சற்றுப் பழுப்பு.

"குப்பைத் தொட்டி மாதிரி இருக்கு" என்பேன்.

"உன்னது பட்டினித் தொட்டி. பட்டினி போட்டு அழகாக்குத" என்பாய்.

சுண்ணாம்புச் சத்தில்கூட நமக்கு ஒத்துவரவில்லை. பவளம் தன் எலும்பைக் கட்டக் கால்சியமும் காரமும் வேண்டும். நான் இரண்டு தனித்தனி பாட்டில்களில் கரைசல் வைத்து இரண்டு பம்புகளால் ஊற்றினேன். நீ சுண்ணாம்பை நல்ல தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவை மட்டும் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டவிட்டாய். உப்பு ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் முறை செய்த கால்சியம் பரிசோதனையை என் தொட்டித் தண்ணீருக்கும் செய்து, நான் கேட்காமலே முடிவைச் சொல்வாய். கோபம் வரும். பெரும்பாலும் நீ சொன்ன எண்தான் சரியாக இருக்கும் என்பதால் கோபம் இன்னும் கூடும்.

ஒருமுறை என் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லவே இல்லை என்று பரிசோதனை காட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். அடுத்த வாரமே பாறை மேல் சளி போலப் பழுப்பாக ஒன்று படர்ந்து, குமிழ் குமிழாக மூடிக்கொண்டது. போட்டிக்கு யாரும் இல்லாத இடத்தில் வேண்டாத நுண்ணுயிர் வந்து குடியேறிவிட்டது. நீ கேலி செய்வாய் என்று பார்த்தேன். செய்யவில்லை. "எதையும் பூஜ்யம் ஆக்காதலே. கொஞ்சம் மிச்சம் இருக்கணும்" என்றாய். வினிகரைக் குறைத்தேன். நீ சொன்னதற்காகக் குறைத்தேன் என்று உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மெதுவாகக் குறைத்தேன்.

பாஸ்பேட் என்ற சொல் நம் வீட்டில் இரண்டு இடங்களில் புழங்கியது. தொட்டியில் ஒன்று, உன் ரத்தப் பரிசோதனையில் ஒன்று. பால், கொட்டை, மீன், எல்லாவற்றுக்கும் அளவு. நீ மாம்பழத்தை ஒளித்துத் தின்றால் நான் கத்துவேன்; நான் தொட்டியில் தீனி கூடப் போட்டால் நீ கத்துவாய். ஒருநாள் உன் மாத்திரை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து போய் என் மருந்து அலமாரியில் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தாய். பாஸ்பேட்டைக் கட்டிப்போட நான் எப்போதாவது தொட்டியில் விடும் மருந்து அது. இரண்டிலும் லாந்தனம் என்கிற ஒரே உலோகம்.

"ஏளா செல்வி, இங்கன வந்து பாரு! இவன் மீனுக்குக் குடுக்கதத்தான் டாக்டர் எனக்கும் குடுக்காரு!"

அன்று மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். உன் நோயை வைத்து நாம் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

உனக்குக் கோபம் வந்து பார்த்ததும் ஒரு தடவைதான். மற்றதெல்லாம் சண்டை, கோபம் அல்ல. கடைக்கு வந்த ஒருவன், தீவுப் பக்கத்துப் பாறையிலிருந்து உயிர்ப் பவளம் கொண்டுவந்து தருகிறேன், சென்னையிலிருந்து எதற்கு வரவழைக்கிறீர்கள் என்றான். நான் வாய் திறக்கும் முன் மாடிப்படியில் உன் குரல் கேட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஊசி போட்ட கையில் கட்டோடு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாய். "கடல்ல இருக்கதப் பேத்து எடுத்துட்டு வந்து வீட்டுல வளக்கறதுக்குப் பேரு வளர்ப்பா? சட்டமும் விடாது, நானும் விடமாட்டேன். போங்க அண்ணாச்சி" என்றாய். அவன் போனான். நீ மூச்சு வாங்க ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்தாய். அந்த அளவுக்கு உனக்கு முடியாமல் போயிருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது.

மழை என்று சொல்வதே தப்பு. வானம் இடிந்து விழுவது போலக் கொட்டியது. விடிந்து பார்த்தபோது தெருவைக் காணோம். எங்கோ குளம் உடைந்து வந்த செம்மண் தண்ணீர் குடோனுக்குள் புகுந்து, பெயின்ட் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மிதந்தன. அன்று உனக்கு டயாலிசிஸ் நாள். ஆட்டோ வரவில்லை, வரவும் முடியாது.

"ஒருநா தள்ளிப் போனா ஒண்ணும் ஆவாதுலே" என்றாய்.

மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. மின்சாரம் போயிற்று. மதியத்துக்குள் இன்வெர்ட்டரும் செத்தது. கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. உன் கால் வீங்கத் தொடங்கியது. பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாய். உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்ற இயந்திரம் இல்லாதபோது ஒரு வாய் தண்ணீர்கூட உனக்கு எதிரி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஊரே தண்ணி. எனக்கு ஒரு டம்ளர் கெடையாது" என்றாய். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொட்டிகள் இரண்டும் நின்றுபோயிருந்தன. அந்தப் பம்புகளின் முனகல் இல்லாத வீட்டை நாம் அதற்கு முன் கேட்டதே இல்லை. பம்பு ஓடாவிட்டால் தண்ணீரில் காற்று சேராது. என்னிடம் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றே ஒன்று இருந்தது. அதை என் தொட்டியில் போட்டேன். உன் தொட்டிக்கு நானும் செல்வியும் மாற்றி மாற்றிச் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்.

அப்படியும் என் தொட்டிதான் முதலில் வெளுத்தது. தண்ணீர் கழுநீர் போலக் கலங்கி, பின்சுவர்ப் பாறை மறைந்தது. வினிகர் தின்று கொழுத்த பாக்டீரியாவை வெளியே எடுக்க ஸ்கிம்மர் ஓடவில்லை. அவ்வளவும் தொட்டிக்குள்ளேயே இருந்து, இருந்த காற்றையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தன. தொட்டியில் இருந்த நீல மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றி வந்து தெருக்களில் இறக்கி ஆட்களை மீட்கிறார்கள் என்று அடுத்த வீட்டு மாடியிலிருந்து கத்திச் சொன்னார்கள். நனைந்தபடி நின்றேன். வளைவில் ஒரு வள்ளம் திரும்பியது. கம்பு ஊன்றி நின்றவர் மிக்கேல் அண்ணன். நம் தொட்டிகளுக்கு ஆழ்கடலில் இருந்து கேன்களில் தண்ணீர் எடுத்துவந்து தருகிறவர். தொண்டை கிழியக் கூப்பிட்டு உன் நிலையைச் சொன்னேன். கை காட்டினார்.

"பிள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா! அவள மெயின் ரோட்டுல எறக்கிட்டு வாரேன். தங்கச்சிய ரெடியா வச்சிருங்க!"

கீழே ஓடி வந்து சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். பிறகு கையை நீட்டி என் தொட்டியைக் காட்டினாய்.

"ரெண்டையும் ஒண்ணாக்கு."

"என்னக்கா?"

"நீ என்கூட வந்துருவ. செல்வி ஒருத்தியால ரெண்டுக்கும் தண்ணி ஊத்த முடியாது." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்தாய். "உன்னுதுல இருக்கதையெல்லாம் எடுத்து என்னுதுல விடு. பம்பையும் அங்கன மாத்து."

"மொதல்ல நீ கெளம்புக்கா! தொட்டி போனாப் போகுது!"

"வள்ளம் வரட்டும். அதுவரைக்கும் கை சும்மாத்தான கெடக்கு?"

"உன் தண்ணியில சத்து அதிகம். என் பவளம் கருகிரும்."

"கருகினா துளிர்க்கும்லே. மூச்சு நின்னா?"

கீழ்ப்படிந்தேன். உனக்கு நான் செய்த கடைசிக் கீழ்ப்படிதல் இல்லை அது. ஆனால் வெளிப்படையாகச் செய்த முதல் கீழ்ப்படிதல் அதுதான். கையைக் கலங்கிய தண்ணீருக்குள் விட்டுத் துழாவிப் பாறைகளை எடுத்தேன். செல்வி வாளியை ஏந்தினாள். உன் தண்ணீரைச் சொம்பு சொம்பாக வாளியில் கலந்தோம், அதிர்ச்சி கொஞ்சமாவது குறையட்டும் என்று. வருடக்கணக்கில் கிளைத்துப் பரவிய ஊதாப் பவளம் பின்சுவரோடு ஒட்டிக்கிடந்தது. உளியை வைத்துத் தட்டினேன். அது முறிந்த சத்தம் கேட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் பார்த்தேன். என் பவளத்துக்காக நீ கண்ணை மூடினாய்.

வள்ளம் வந்தது.

உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடிப்படி இறக்கினோம். கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. மிக்கேல் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாற்காலியை வாங்கினார். "பயப்படாத தங்கச்சி. இதவிட மோசமான தண்ணியெல்லாம் பாத்தாச்சு" என்றார். நீ திரும்பிப் படிக்கட்டில் நின்ற செல்வியைப் பார்த்து, "ஒசரத்துல இருந்து ஊத்து, கை வலிச்சா மாத்து" என்றாய். அந்த நேரத்திலும்.

தெரு ஆறாகிவிட்டிருந்தது. மின்கம்பிகள் தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் தொங்கின. மின்சாரம் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு கம்பிக்கும் உன் தலையை என் மார்போடு அமுக்கிக்கொண்டேன். குறுக்குத் தெருவில் நீரோட்டம் வள்ளத்தைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு வீட்டுச் சுவரில் இடித்தது. உன் கை என் சட்டையைப் பற்றியது. உன் நெஞ்சுக்குள் கொப்புளிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே தண்ணீர். வெளியேயும் தண்ணீர். மிக்கேல் அண்ணன் எதையோ ஜெபித்துக்கொண்டே கம்பை ஊன்றித் தள்ளினார். நீ ஒரு விரலை வெள்ளத்தில் நனைத்து நாக்கில் வைத்தாய்.

"என்னக்கா பண்ணுத? அழுக்குத் தண்ணி!"

"உப்பே இல்ல" என்றாய். ஆய்வுக்கூடத்துக் குரலில்.

மெயின் ரோட்டில் ஒரு லாரி. லாரியில் இருந்து மருத்துவமனை. அங்கே ஜெனரேட்டர் ஓடியது. மாடிக் கூடம் முழுக்க உன்னைப் போலவே வீங்கிய முகங்கள். டீசல் எவ்வளவு நேரம் வரும் என்று தெரியாது, எல்லாருக்கும் நேரத்தைக் குறைத்துக் குறைத்துச் செய்கிறோம் என்றார்கள். உன் முறை வரும்வரை உன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நீலமாகிக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உன் நெஞ்சுச் சத்தம் அடங்கியது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. பதறி எழுந்தேன். நீ தூங்கியிருந்தாய். அத்தனை நேரமும் உட்கார்ந்தே இருந்தவள் சாய்ந்து தூங்கினாய். வராந்தாவுக்குப் போய், யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து நின்று அழுதேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

தண்ணீர் வடிந்து நாம் வீட்டுக்கு வந்தபோது செல்வியின் இரண்டு தோளும் வீங்கியிருந்தன. கையைத் தூக்க முடியவில்லை. மொட்டை மாடி வழியே பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறாள். நீல மீன் செத்துப்போயிருந்தது. என் பவளங்களில் பாதி வெள்ளை எலும்பாக நின்றன. உன்னுடையவை சுருங்கிக் கிடந்தாலும் உயிரோடு இருந்தன. முறித்து எடுத்த ஊதாப் பவளம் ஊதாவாக இல்லை, சேற்றுப் பழுப்பு. ஆனால் அதன் நுனிகளில் மயிர் போன்ற சின்னஞ்சிறு கைகள் வெளியே நீண்டிருந்தன.

நீ தொட்டிக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"சரிக்கா, ஒத்துக்கிடுதேன். நீதான் ஜெயிச்ச" என்றேன்.

"போலே. இன்னும் ஒருநா கூடப் போயிருந்தா இருட்டுல என் பாசியும் காத்தைத்தான் குடிச்சிருக்கும். ஜெயிச்சது செல்வி."

செல்வி தைலம் தேய்த்துக்கொண்டே, "அடுத்த தடவ ரெண்டு பேருமா ஊத்துங்க மதினி" என்றாள்.

மேற்குச் சுவர்த் தொட்டியை நான் மறுபடி நிரப்பவில்லை. நீயும் கேட்கவில்லை. ஒரே தொட்டியில் உன் பாசியும் இருந்தது, என் ஸ்கிம்மரும் ஓடியது. வினிகரைப் பாதியாகக் குறைத்து, அதை உன் சுண்ணாம்புத் தெளிவிலேயே கலந்து சொட்டவிடலாம் என்று சொன்னது நீதான். "அப்பிடிச் செஞ்சா சுண்ணாம்பும் நல்லாக் கரையும்" என்றாய், வேறு காரணமே இல்லாதது போல. அளவுக்காக மட்டும் இன்னும் சண்டை போட்டோம். தண்ணீர் என் பழைய தண்ணீரைப் போலத் தெளியவில்லை, உன் பழைய தண்ணீரைப் போல மங்கவும் இல்லை. பங்குனி வாக்கில் அந்தப் பவளத்தின் நுனியில் ஊதா திரும்பியது. நீ அதைப் பார்த்துவிட்டாய். அது எனக்கு ஆறுதல்.

சித்திரையில், டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்து ஆட்டோவில் இருந்து இறங்கினாய். மாடிப்படியில் இரண்டு படி ஏறி உட்கார்ந்தாய். "நீ போ, வாரேன்" என்றாய். நான் பையை மேலே வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். வெள்ளத்தில் நெஞ்சோடு பிடித்துக் கொண்டுவந்தவளை வெயிலில் வீட்டு வாசலில் விட்டுவிட்டேன் என்று செல்வியிடம் புலம்பினேன். அவள் என்னைத் திட்டினாள். "மதினி அந்த வெள்ளத்துக்கப்புறம் கோடையும் பாத்தாங்க, பூ மாதிரி அந்த ஊதாவையும் பாத்தாங்க. அது போதாதா உங்களுக்கு?" என்றாள். போதாதுதான். ஆனாலும் அவள் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இன்று உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ போன பிறகு உன் மருந்துகளில் மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். உனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தேன் என்று ஓர் அம்மா வந்து பேசினார். வேம்பார்க்காரர், பாக்கியம் என்று பெயர். வெள்ளத்தின்போது கடற்கரை ரோடு அறுந்து வர முடியாமல் தவித்துப் பிழைத்ததைச் சொன்னார். அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நேற்று மத்தியானம் மழை எச்சரிக்கை வந்தது. இன்று அவருடைய முறை. போன் போட்டேன்.

"நாளைக்குப் பாத்துக்கிடலாம் தம்பி. மழை வருமோ என்னமோ."

"வராட்டா நல்லது. நீங்க இன்னைக்கே பஸ் ஏறிருங்க. நான் ஆஸ்பத்திரியில பேசி, நாளைக்குக் காலையில மொத ஆளா உங்களப் போடச் சொல்லுதேன். ரா எங்க வீட்டுல தங்கிக்கிடலாம்."

"ஒங்களுக்கு எதுக்கு இந்தச் செரமம்?"

"பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். உன் அறையில்தான் படுத்தார். காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்து, கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தும் இப்படியெல்லாம் உள்ளே இருக்கும் என்று தெரியாதே என்று வாய்மேல் கை வைத்தார். செல்வி அவருக்கு அளந்து காப்பி கொடுத்தாள். அரை டம்ளர். அதற்கு மேல் கேட்டபோது, "கெடையாது மதினி" என்றாள். உன்னிடம் பேசிய அதே கண்டிப்பு.

வானம் கறுத்திருக்கிறது. இன்னும் ஒரு துளி விழவில்லை. விழாமலே போகலாம், போனால் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். லோடு ஆட்டோவில் அவர் உட்கார நாற்காலியைக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறார். ரோடு இன்னும் ரோடாகத்தான் இருக்கிறது. நாங்கள் கிளம்புகிறோம், அக்கா.